மகஜர் கையளிக்கப்பட்டது. பிறகு?

தமிழ்ப் பத்திரிகைகளின் பிராந்தியச் செய்திப் பக்கத்தில் ஒரே செய்தி ஆண்டு முழுவதும் வெளிவந்துகொண்டிருக்கிறது. ஊரின் பெயர் மாறும், சபையின் பெயர் மாறும், செய்தி மாறுவதில்லை. வடிகான் துப்புரவு செய்யப்படவில்லை, வீதி விளக்குகள் எரியவில்லை, குப்பை அள்ளப்படவில்லை எனக் கூறிக் குடியிருப்பாளர்கள் சபை வாசலில் கூடினர். கவனயீர்ப்புப் போராட்டம் நடத்தினர். தவிசாளரிடம் மகஜர் கையளித்தனர். அதனைப் பெற்றுக்கொண்ட தவிசாளர் உரிய நடவடிக்கை எடுப்பதாக உறுதியளித்தார். அதனையடுத்துக் கூடியிருந்தோர் கலைந்து சென்றனர்.

இச்செய்தியின் இரண்டாம் பாகத்தை நான் வாசித்தது மிக அரிது. பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளைக் கழித்தவன் என்ற வகையில் இதைச் சொல்கிறேன். அந்த மகஜருக்கு என்ன நடந்தது? எந்தக் கோவையில் இடப்பட்டது? எந்த அதிகாரியின் மேசைக்குச் சென்றது? சபையின் அடுத்த மாதக் கூட்டத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லாவது பேசப்பட்டதா? ஆறு மாதங்கள் கழித்து அதே ஊரவர்கள், அதே வாசலில், அதே வடிகானுக்காக இன்னொரு மகஜருடன் நிற்கும்போதுதான் முதலாவது மகஜர் குப்பைக் கூடைக்குச் சென்றிருக்கிறது என்பது நமக்குத் தெரியவருகிறது.

நமது உள்ளூராட்சி மன்றங்கள் குடிமக்களின் முறைப்பாட்டை ஓர் இரங்கல் விண்ணப்பமாகவே நோக்குகின்றன. மனமிருந்தால் கவனிக்கலாம்; நிதியிருந்தால் செய்யலாம்; தேர்தல் நெருங்கினால் ஓடிவரலாம். சட்டமோ அதை அவ்வாறு நோக்கவில்லை. சட்டத்தின்படி ஒரு மாநகர சபைக்குக் குப்பையை அகற்றுவது கடமை. குடியிருப்பாளர் எழுதும் கடிதம் அக்கடமை நிறைவேற்றப்படவில்லை என்ற அறிவித்தலாகும். இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ளாததற்கு இந்த நாடு கொடுத்த விலை என்னவென்பதை 2017 ஆம் ஆண்டு ஏப்ரல் 14 ஆம் திகதி பார்த்தோம்.

அன்று சித்திரைப் புத்தாண்டு. கொழும்பை அடுத்த மீத்தொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்தது. நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள் அதன்கீழ் சிக்கின. 32 பேர் உயிரிழந்தனர். புத்தாண்டுப் பலகாரம் வைத்த மேசைகளின்மேல் நகரத்தின் கழிவு வந்து விழுந்தது. மறுநாள் அரசியல்வாதிகள் அனைவரும் ஒரே குரலில் "அனர்த்தம்" என்றார்கள். சுனாமி அனர்த்தம், சூறாவளி அனர்த்தம். ஆனால் ஆண்டுக்கணக்காக லொறி லொறியாக மனிதர்களே கொண்டுவந்து குவித்த ஒரு மேடு, அதன் அடியில் வாழ்ந்தவர்கள் எச்சரித்தபடியே சரிந்து விழுந்தால் அதற்குப் பெயர் அனர்த்தமா?

வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம். கொழும்பு மாநகரின் குப்பை அதற்கு முன்னர் கொட்டாஞ்சேனைக்கு அண்மித்த புளூமெண்டால் பகுதியில் கொட்டப்பட்டு வந்தது. அங்கும் ஒரு மலை எழுந்தது. அங்கும் ஏழைகளே அதன் அடியில் வாழ்ந்தனர். அந்த இடம் கைவிடப்பட்டு, 2009 ஆம் ஆண்டில் மீத்தொட்டமுல்லையில் சுமார் இரண்டு ஏக்கர் நிலத்தில் தற்காலிகமாகக் கொட்டுவதற்கு வழிசெய்யப்பட்டது. நமது நிர்வாக அகராதியில் "தற்காலிகம்" என்ற சொல்லுக்கு எல்லையே கிடையாது. இரண்டு ஏக்கர் இருபது ஏக்கரளவுக்குப் பரந்தது. நாளொன்றுக்குச் சுமார் 800 தொன் கழிவு அங்கு சென்றது. மேடு பல மாடிக் கட்டடம் போல உயர்ந்தது.

அந்த மக்கள் வாய்மூடி இருக்கவில்லை. நாற்றம் தாங்க முடியவில்லை, பிள்ளைகள் நோயில் விழுகிறார்கள், மழைக்காலத்தில் கழிவு நீர் வீட்டுக்குள் வருகிறது, சுவர்களில் வெடிப்பு விழுகிறது என்று பல ஆண்டுகளாகச் சொன்னார்கள். மகஜர் கொடுத்தார்கள். வீதியில் இறங்கினார்கள், பொலிஸார் எதிரே நின்றனர். மேடு சரிந்த பின்னர், அவர்கள் சட்டவிரோதக் குடியிருப்பாளர்கள் என்றும், இழப்பீட்டை வாங்கிக்கொண்டு வெளியேற மறுத்தவர்கள் என்றும் பேசப்பட்டது. செத்தவன் மீதே வழக்குப் போடும் வித்தை இது.

இதனினும் கொடியது அடுத்து நிகழ்ந்தது. அதே ஏப்ரல் மாதத்திலேயே கழிவகற்றலை அத்தியாவசிய சேவையாக்கும் அதிவிசேட வர்த்தமானி வெளியிடப்பட்டது. கழிவகற்றலுக்கு இடையூறு செய்வது குற்றம் என்றாயிற்று. குப்பையின் கீழ் மக்கள் புதையுண்டதற்கு அரசாங்கம் அவசர அவசரமாகக் கண்ட பரிகாரம், இனிமேல் குப்பைக்கு எதிராக எவரும் வீதியை மறிக்கலாகாது என்பதாகும். முறைப்பாட்டைக் கேட்டிருந்தால் அந்த 32 பேரும் இருந்திருப்பார்கள். முறைப்பாட்டைக் கேளாத நிர்வாகத்துக்கு எந்தத் தண்டனையும் அந்த வர்த்தமானியில் இல்லை.

சட்டம் இல்லாத குறையா என்றால், அதுவும் இல்லை. 1947 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். வீதிகளைக் கூட்டுவதும் குப்பையை அகற்றுவதும் சபையின் கடமை என்கிறது 129 ஆவது பிரிவு. சேகரிக்கப்பட்ட குப்பை சபையின் சொத்து என்கிறது 130 ஆவது பிரிவு. அக்குப்பையை அகற்றுவதற்குப் பொருத்தமான இடங்களைச் சபை ஏற்பாடு செய்ய வேண்டும், எவருக்கும் தொல்லை ஏற்படாதவாறு வேண்டிய முன்னேற்பாடுகள் அனைத்தையும் செய்ய வேண்டும் என்கிறது 131 ஆவது பிரிவு. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்திலும் இக்கடமை உண்டு. சுதந்திரத்துக்கு முந்திய ஆண்டிலேயே இவ்வளவு தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்கள். குப்பை சபையின் சொத்து என்றால், அந்தச் சொத்து ஒருவனின் வீட்டின்மேல் விழுந்தால் பொறுப்பாளி யார் என்று கேட்பதற்குச் சட்டக் கல்லூரிக்குப் போக வேண்டியதில்லை.

அப்படியாயின் முறைப்பாடுகள் ஏன் எடுபடுவதில்லை? பலரும் கவனிக்காத ஒரு காரணம் இருக்கிறது. மீத்தொட்டமுல்லை கொலன்னாவை நகர சபையின் எல்லைக்குள் உள்ளது. அங்கு கொட்டப்பட்டதில் பெரும்பகுதி கொழும்பு மாநகர சபையின் குப்பை. குப்பையைக் கொட்டும் சபைக்கு அந்த மக்கள் வாக்களிப்பதில்லை. அவர்கள் வாக்களிக்கும் சபைக்கு அந்தக் குப்பையை நிறுத்தும் அதிகாரமில்லை. ஒருவரிடம் போனால் "நீங்கள் எமது எல்லைக்குள் இல்லை" என்பார். மற்றவரிடம் போனால் "குப்பை எங்களுடையது இல்லை" என்பார். இரண்டும் உண்மை. இரண்டு உண்மைகளுக்கும் நடுவே மேடு வளர்ந்தது.

மேடு சரிந்த பிறகாவது இந்தக் கணக்கு மாறியதா? கொழும்பின் குப்பைக்குப் புத்தளம் மாவட்டத்தின் அருவக்காலு தெரிவு செய்யப்பட்டது. கொழும்பிலிருந்து சுமார் 170 கிலோமீற்றர் தொலைவு. சுண்ணாம்புக்கல் அகழ்ந்து கைவிடப்பட்ட நிலம். 2018 ஆம் ஆண்டில் புத்தளம் மக்கள் மாதக்கணக்கில் போராடினர். சீமெந்துத் தொழிற்சாலைத் தூசியையும், நுரைச்சோலை அனல் மின்நிலையத்தின் சாம்பலையும் ஏற்கெனவே சுமக்கும் மாவட்டம் அது. 1990 ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பெருந்தொகையினருக்குப் புகலிடமானதும் அதே மாவட்டம்தான். கொழும்பு மாநகர சபைக்கு அவர்களில் எவருக்கும் வாக்கில்லை. அவர்களின் எதிர்ப்பு, பொறியியல் அறிவு இல்லாதவர்களின் அச்சம் என்று ஒதுக்கப்பட்டது. நவீன முறையில் அமைக்கப்படும் நிலநிரப்பல் திறந்த குப்பைமேட்டைவிட மேலானது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மக்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு யாருக்கு இருந்தது என்பதே என் கேள்வி.

கொழும்பைச் சாடிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளலாகாது. யாழ்ப்பாண மாநகர சபையின் கழிவுகள் நெடுங்காலமாகக் கொட்டப்பட்டு வந்த கல்லுண்டாய், மாநகர எல்லைக்கு உள்ளே இல்லை. வலிகாமம் தென்மேற்குப் பிரதேச சபையின் எல்லைக்குள் இருக்கிறது. மேடு தீப்பற்றி எரிந்து புகை சூழ்ந்த நாட்களில் அவதிப்பட்டவர்கள் அங்குள்ள குடியேற்றத் திட்டத்து ஏழைகளும் அயற்கிராமத்தவர்களும். அவர்களும் வீதியில் இறங்கினார்கள். அவர்களும் மகஜர் கொடுத்தார்கள். கொழும்பு சிங்கள நிர்வாகம், ஆகவே தமிழனையும் முஸ்லிமையும் கவனிக்கவில்லை என்று விளக்கம் சொல்ல இங்கு இடமில்லை. கொட்டியவரும் தமிழர், புகையைச் சுவாசித்தவரும் தமிழர். தமிழ்த் தேசியம் பேசும் கட்சிகளும் ஆண்ட சபைகள் இவை. அதிகாரப் பகிர்வு வேண்டும் என்று கொழும்பிடமும் ஜெனீவாவிடமும் கேட்கிறோம், கேட்கவும் வேண்டும். கையில் ஏற்கெனவே இருக்கும் மிகச் சிறிய அதிகாரத்தை நம்மவர் நம்மவர்மீது எப்படிப் பிரயோகிக்கிறோம் என்பதையும் உலகம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

சபைகளின் தரப்பில் சொல்லப்படும் நியாயத்தையும் கேட்போம். நிதி போதாது, ஆளணி போதாது, வாகனங்கள் பழுது, கழிவைக் கொட்டுவதற்கு நிலம் இல்லை. இவற்றில் பெரும்பகுதி உண்மை. சிறிய பிரதேச சபையொன்றின் சோலைவரி வருமானத்தைப் பார்த்தவர்கள் அதன் தவிசாளர்மீது இரக்கப்படவே செய்வார்கள். ஆனால் ஒரு முறைப்பாட்டைப் பதிவு செய்து, இலக்கம் இட்டு, திகதி குறித்து, பற்றுச்சீட்டு ஒன்றைக் கொடுப்பதற்கு எத்தனை கோடி ரூபா வேண்டும்? "உங்கள் வடிகான் வேலை இந்த ஆண்டு பாதீட்டில் இல்லை, அடுத்த ஆண்டு பரிசீலிக்கப்படும்" என்று இரண்டு வரியில் பதில் எழுதுவதற்கு எந்த வெளிநாட்டுக் கடனுதவி தேவை? பணமில்லாததால் வேலை நடக்காமல் இருக்கலாம். பதில் வராமல் இருப்பதற்குப் பணம் காரணமாகாது. பதிலை எழுத்தில் கொடுத்தால் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற அச்சமே காரணம்.

நான் குடியிருக்கும் ஒழுங்கையின் வடிகான் தொடர்பாக அயலவர்கள் பதினெட்டுப் பேர் ஒப்பமிட்டு, எங்கள் சபைக்குத் தமிழில் ஒரு கடிதம் அனுப்பினோம். சில வாரங்கள் கழித்து நேரில் சென்று விசாரித்தபோது அப்படியொரு கடிதம் கோவையில் இல்லை என்றனர். பதிவுத் தபாலின் துண்டைக் காட்டியதும் கடிதம் கிடைத்தது. "விளங்காததால் ஒருபக்கம் வைத்திருந்தோம்" என்ற விளக்கமும் கிடைத்தது. சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பிரதேசங்களிலும் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் ஒருவருக்கு உரிமையுண்டு என்கிறது அரசியலமைப்பின் 22 ஆவது உறுப்புரை. அந்த உரிமையின் நடைமுறைப் பெறுமதி, ஒரு தபால் துண்டைப் பத்திரப்படுத்தி வைக்கும் அளவில்தான் இருக்கிறது.

நிற்க. மக்கள் பிரதிநிதிகள் இருந்தும் இந்த நிலை என்றால், அவர்களே இல்லாதிருந்த காலத்தை என்னவென்பது? 2018 ஆம் ஆண்டு பெப்ரவரி 10 ஆம் திகதி கலப்புமுறையில் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. வட்டாரத்துக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும் என்பதே வட்டார முறை மீண்டும் கொண்டுவரப்பட்டதன் நியாயம். நாடு முழுவதிலும் 4,500 க்குக் குறைவாக இருந்த உறுப்பினர் தொகை 8,000 ஐத் தாண்டியது. உறுப்பினர் தொகை ஏறத்தாழ இரட்டித்தது. கேட்கும் காதுகள் இரட்டித்தனவா என்பதை அவரவர் வட்டாரத்தில் விசாரித்துக்கொள்ளலாம். அச்சபைகளின் காலம் 2023 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் முடிந்தது. அம்மாதம் 9 ஆம் திகதி நடக்கவிருந்த தேர்தல் பணமில்லை என்று கூறி நடத்தப்படவில்லை. அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் தீர்ப்பளித்தது. தேர்தல் நடந்ததோ 2025 ஆம் ஆண்டு மே 6 ஆம் திகதி. இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக ஆணையாளர்களும் செயலாளர்களுமே சபைகளை நடத்தினர். அவர்களில் நல்லவர்கள் இருந்தனர். ஆனால் மக்கள் வாக்கால் அகற்றக்கூடியவர் எவரும் இருக்கவில்லை. வீதி விளக்குக்காக நாடாளுமன்ற உறுப்பினரின் வாசலில் நிற்கும் பழக்கம் அக்காலத்தில் மேலும் வேரூன்றியது.

இங்கேதான் நம் பக்கத்துப் பழுதையும் பேச வேண்டியிருக்கிறது. "அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்" என்ற பழமொழியை நாம் அரசியலாகவே ஆக்கிக்கொண்டுவிட்டோம். அழுவதற்குப் பழகியவர்கள் கேட்பதற்குப் பழகவில்லை. சபைக்குக் கடிதம் எழுதுவதைவிட, சபையில் வேலை செய்யும் மச்சானைப் பிடிப்பது இலகு என்று நினைக்கிறோம். மச்சான் இருப்பவனின் வடிகான் துப்புரவாகிறது. இல்லாதவனின் வடிகானில் நுளம்பு பெருகுகிறது. மழைக்காலத்தில் டெங்கு வரும்போது இருவரின் பிள்ளைகளும் ஒரே ஆஸ்பத்திரி விறாந்தையில் படுத்திருக்கிறார்கள்.

புலம்பெயர்ந்து வாழும் உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. ஊர் ஒழுங்கைக்கு விளக்குப் போடவும், மதகு கட்டவும் நீங்கள் அனுப்பும் பணத்தின் பின்னால் இருக்கும் பாசத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் உங்கள் பணத்தில் விளக்கு எரியும் ஒவ்வோர் ஒழுங்கையிலும், சபை தன் கடமையிலிருந்து கழன்றுகொள்கிறது. வெளிநாட்டில் ஆளில்லாத ஒழுங்கை இருட்டிலேயே கிடக்கிறது. டொரொன்டோவில் வாழ்பவர்கள் 2009 ஆம் ஆண்டிலிருந்து 311 என்ற இலக்கத்தை அழைத்து, வீதியின் குழி பற்றியோ அகற்றப்படாத பனி பற்றியோ முறையிட்டு, அதற்கொரு பதிவிலக்கத்தைப் பெற்றுக்கொள்கிறீர்கள். அங்கே இலக்கம் வாங்கப் பழகிய நீங்கள், ஊருக்குப் பணம் அனுப்பும்போது "சபைக்கு எழுதினீர்களா, என்ன பதில் வந்தது?" என்று ஒரு கேள்வியையும் சேர்த்து அனுப்பினால், அது விளக்கைவிடப் பெரிய உதவியாக இருக்கும்.

சபைகளிடம் கேட்க வேண்டியவை அதிகமில்லை. முதலாவது, ஒவ்வொரு முறைப்பாட்டுக்கும் இலக்கமும் திகதியுமிட்ட பற்றுச்சீட்டு. இரண்டாவது, குறித்த நாட்களுக்குள் முறையிட்டவரின் மொழியில் எழுத்துமூலப் பதில். "முடியாது" என்பதும் காரணத்துடன் எழுதப்பட்டால் பதிலே. மூன்றாவது, கிடைத்த முறைப்பாடுகளின் பட்டியலும் அவற்றின் நிலையும் மாதாந்தப் பொதுக்கூட்டத்தில் சமர்ப்பிக்கப்பட்டு, சபை வாசலில் ஒட்டப்பட வேண்டும். நான்காவதே மிக முக்கியமானது. ஒரு சபையின் வேலையால் இன்னொரு சபையின் எல்லைக்குள் வாழ்பவர்கள் பாதிக்கப்பட்டால், அந்த வேலையைச் செய்யும் சபை அவர்களை அழைத்துக் கேட்டுப் பதில் சொல்லச் சட்டத்தால் கட்டுப்படுத்தப்பட வேண்டும். மீத்தொட்டமுல்லையில் இல்லாமற்போனது அதுதான். முதல் மூன்றுக்கும் புதிய சட்டம் தேவையில்லை. ஒரு தீர்மானமும் ஒரு பதிவேடும் போதும். நான்காவதற்கு நாடாளுமன்றம் வேண்டும். அங்கே இருப்பவர்களும் நம்மிடம் வாக்குக் கேட்டு வந்தவர்களே.

அதுவரை குடியிருப்பாளர்கள் என்ன செய்வது? கையில் உள்ள கருவிகளைப் பாவியுங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. சபையின் தகவல் அலுவலருக்குத் தமிழில் எழுதலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர் கேட்க முடியாது. தகவலைத் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். "எங்கள் வடிகானைத் திருத்தித் தாருங்கள்" என்று எழுதுவதோடு நிறுத்தாமல், "இன்ன திகதியில் நாம் கொடுத்த மகஜர்மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன? எந்த அதிகாரியிடம் அது உள்ளது? எமது வட்டாரத்தின் வடிகான்களுக்கு இந்த ஆண்டு ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவிட்டது எவ்வளவு?" என்று கேளுங்கள். பொதுத் தொல்லையை அகற்றும்படி கட்டளையிடும் அதிகாரம், 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98 ஆவது பிரிவின் கீழ் நீதவானுக்கு உண்டு. அடிப்படை உரிமை மீறல் மனுவை ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்பதையும் மறவாதீர்கள். தவிசாளர் தரும் வாய்மொழி உறுதிமொழி முதலில் விழுங்குவது அந்த ஒரு மாதத்தைத்தான்.

பிராந்தியச் செய்தியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மகஜர் கையளிக்கும் படத்தை எடுக்கும்போது அந்த மகஜரின் திகதியைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று மாதங்கள் கழித்து அதே தவிசாளரிடம் போய், அந்தத் தாள் இப்போது எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை அப்படியே பிரசுரியுங்கள். பதில் சொல்லாவிட்டால் அதையும் பிரசுரியுங்கள்.